மனேஜர் புஜைராவுக்குப் போயிருக்கிறார்

இராஜரத்தினத்துக்கு மனைவியின் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஒன்றாகப் படித்தவனுக்கு நல்ல வேலை கிடைத்தால் பொறாமைப்படலாம், எதிர்வீட்டுக்காரன் புதிதாக டொயோட்டா வாங்கினால் பொறாமைப்படலாம். அதெல்லாம் ஊர் ஒத்துக்கொண்ட பொறாமை. நாலு பேரிடம் புலம்பி ஆறிக்கொள்ளலாம். கட்டின பெண்சாதியின் படிப்பைப் பார்த்து வயிறு எரிகிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்? இராஜரத்தினம் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அது உள்ளேயே கிடந்து நன்றாகப் புளித்துவிட்டது.

பத்மாவதி வருவதற்கு முன்னால், அரபு நாட்டில், அல் குசைஸில் அவன் ஒரு பெரும்புள்ளி. கட்டட ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் பெர்சனெல் கிளார்க். தொழிலாளர்களின் விசா, லீவு, பாஸ்போர்ட் எல்லாம் அவன் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் அவன் அறைக்கு வந்து, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிக் காத்திருப்பார்கள். "இராஜரத்தினம் அண்ணையிட்டக் குடுத்தா வேலை முடிஞ்ச மாதிரி" என்பார்கள். அவனும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யுவர் ஆனர்" என்று தொடங்க வேண்டியதில்லாத கடிதத்தையும் அப்படித்தான் தொடங்குவான். ஒருவரும் திருத்தவில்லை. திருத்தத் தெரிந்தவர் அங்கே இல்லை.

எண்பத்துநாலில் பத்மாவதி வந்தாள். யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் சரித்திரம் படிப்பித்தவள், பேராதனைப் பட்டதாரி. இராஜரத்தினம் பல்கலைக்கழக வாசலை இரண்டு முறை முயன்றும் மிதிக்காதவன். கல்யாணம் பேசும்போது அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது. விசாவில் அவளுக்குக் கபீல், அதாவது பொறுப்பாளி, புருசன்தான் என்று அடித்திருந்ததை அவன் சிநேகிதர்களிடம் காட்டிச் சிரித்தான். "நான் இல்லாட்டி ஆள் இந்த நாட்டிலேயே இல்லை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பத்மாவதியும் சிரித்தாள் என்றுதான் அவனுக்கு ஞாபகம்.

கெடுதல் கீழ்மாடியிலிருந்து வந்தது. அங்கே குடியிருந்த சேதுமாதவன் பாலக்காட்டுக்காரன். அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடமொன்றின் நூலகத்தில் வேலை. எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர் ஒருவரின் மனைவி ஊருக்குத் திரும்பும்போது தன் புத்தகங்களைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனாளாம். பிள்ளைகளுக்கு உதவாத கிழட்டுப் புத்தகங்கள் என்று பள்ளி அதைக் கழித்துவிட்டது. மேல்மாடியில் சரித்திர டீச்சர் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட சேதுமாதவன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான்.

"டீச்சரே, எறியவா வேண்டாமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்றான்.

பத்மாவதி எறியவில்லை. அந்த எஞ்சினியரின் மனுசி அமெரிக்காவில் ஏழைகளுக்கு உதவுகிற வேலையில் இருந்தவளாம். பெட்டி முழுக்க அந்த வேலையின் பழைய கதை: நூறு வருசத்துக்கு முந்திய தர்மச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள், விதவைத் தாய்மாருக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவி கொடுக்கத் தொடங்கிய வரலாறு, தொழிற்சாலைப் பெண்களின் வாக்குமூலங்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் விரித்தவள் பிறகு மடிக்கவே இல்லை. இராஜரத்தினம் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

முதலில் அவனுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. பிறகு வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர்கள் அவனைத் தாண்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். "டீச்சர் இல்லையோ?" என்றார்கள். விண்ணப்பத்தை அவள் கையில் கொடுத்தார்கள், அவள் "யுவர் ஆனரை" வெட்டிவிட்டு நாலு வரியில் எழுதிக் கொடுத்தாள், வேலை முடிந்தது. சபீர் கடையில் கோழி வாங்கப் போன இடத்தில் ஒருவன் இன்னொருவனுக்கு இராஜரத்தினத்தை இப்படி அறிமுகப்படுத்தினான்: "இவர்தான் பத்மாவதி டீச்சரின்ர அவர்." அன்றைக்கு அவன் கோழியை வாங்காமலே வந்துவிட்டான்.

சேதுமாதவன் வேறு. அவன் இரண்டு நாளைக்கொருக்கால் ஒரு புத்தகத்தோடு வருவான். வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவான். உள்ளே வா என்றாலும் வரமாட்டான். குற்றம் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. அதுதான் இராஜரத்தினத்துக்கு அதிகம் எரிச்சல். சேதுமாதவன் தலை நிறைய முடி வைத்திருந்தது அடுத்த எரிச்சல்.

ஆனால் சேதுமாதவனை விட மோசமான எதிரிகள் அந்தப் புத்தகங்களில் வருகிற செத்துப்போன அமெரிக்கப் பெண்கள். ஒருத்தி எந்தத் தெருவில் வீடெடுத்தாள், இன்னொருத்தி எந்தச் சட்டத்துக்காக எத்தனை வாசல்படி ஏறினாள் என்பதெல்லாம் பத்மாவதிக்குத் தெரியும். தன்னுடைய பிரஷர் மாத்திரையின் பெயர் தெரியுமா இவளுக்கு என்று அவன் ஒருநாள் சோதித்துப் பார்த்தான். தெரியவில்லை. அன்றிரவு முழுக்க அவனுக்கு அது ஒரு திருப்தியான வேதனையாக இருந்தது.

இப்படிப் பட்டினி கிடந்தவனுக்கு ஒருநாள் விருந்து கிடைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட ஒஃபிசில ஆக்கள் பாஸ்போர்ட் கேட்டு வந்தா, ஆருக்குக் குடுக்கிறது ஆருக்குக் குடுக்கிறேல்லை எண்டு எப்பிடி முடிவெடுப்பீங்கள்?"

கம்பெனியில் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவனுடைய இரும்பு அலுமாரிக்குள்தான். வியாழக்கிழமை அரைநாள் டியூட்டி முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டியவர்கள் அவன் மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். இத்தனை வருசத்தில் அவள் அவனுடைய வேலையைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் தடவை. இராஜரத்தினம் கையைக் கழுவிவிட்டு வந்து சாவதானமாக உட்கார்ந்தான்.

"முதல்ல, உடன குடுக்கக் கூடாது. என்ன காரணம் எண்டு கேக்க வேணும். எல்லாரும் தந்தி காட்டுவாங்கள். மதர் சீரியஸ், ஃபாதர் சீரியஸ். சீரியஸ் எண்டு போட்டாத்தான் லீவு கிடைக்கும் எண்டு ஊரில ஆக்களுக்குத் தெரியும். பழனிச்சாமி எண்டு ஒருத்தன், ரெண்டு வருசத்தில மூண்டு முறை மதர் சீரியஸ். இது உன்ர எத்தினையாவது அம்மா எண்டு கேட்டன். பேசாமப் போட்டான்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கவனமாகக் கேட்டாள். அவனுக்கு அது போதும்.

"ஆள் எப்பிடிப்பட்டவன் எண்டு பிறகு பாக்கிறது. குடிக்கிறவனோ, வீட்டுக்குக் காசு அனுப்புறவனோ, ஃபோர்மனோட சண்டை பிடிக்கிறவனோ. நல்லவன் எண்டா நான் உதவி செய்வன். எனக்கும் மனச்சாட்சி இருக்கு."

"குடுக்க மனமில்லாட்டி?"

"இல்லை எண்டு மட்டும் சொல்லப்படாது." இராஜரத்தினம் குரலைத் தாழ்த்தினான், தொழில் இரகசியம் சொல்கிறவன்போல. "அவங்கள் கத்துவாங்கள், கும்பல் கூடிடும். சாவி மனேஜரிட்ட, மனேஜர் புஜைரா சைட்டுக்குப் போயிருக்கிறார் எண்டு சொல்ல வேணும். நான் உனக்குக் குடுக்கத்தான் நினைக்கிறன், ஆனா பார், சாவி இல்லை. அவன் எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போவான்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "சாவி எப்பவும் இஞ்சதான்."

"திரும்பி வந்தா?"

"மனேஜர் இன்னும் வரேல்லை. ரெண்டு கிழமையில அலுத்துப்போய் விட்டிடுவாங்கள். இல்லாட்டி நானே பாவம் பாத்துக் குடுத்திடுவன்."

அடுத்த சில நாள்களும் அவள் கேட்டாள். முதல் கேள்வி எது, கேட்கும்போது அவர்கள் உட்கார்ந்திருப்பார்களா நிற்பார்களா, பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அவன் எழுந்து நின்று நடித்தே காட்டினான். அந்த நாள்களில் அவனுக்கு வயிறு எரியவில்லை. செத்த அமெரிக்கப் பெண்களை ஓரங்கட்டிவிட்டோம் என்று நினைத்தான்.

அவள் ஒரு கட்டுரை எழுதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பியது அவனுக்குத் தெரியும். தபால் பெட்டி எண் அவனுடைய கம்பெனியுடையதுதான். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆறு மாதம் அங்கே வந்து தங்கி, பழைய ஆவணங்களைப் பார்த்து ஆராய்ச்சியை முடிக்கும்படி அழைத்திருந்தார்கள். வழிச்செலவு, தங்குமிடம், உதவித்தொகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்மாவதி அதை மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள்.

இராஜரத்தினத்துக்கு நெஞ்சுக்குள் யாரோ அம்மி அரைத்தார்கள். அமெரிக்கா. அவனுக்குக் கிடைக்காத பல்கலைக்கழக வாசல், அதுவும் அமெரிக்க வாசல், இவளுக்குத் தானாகத் திறக்கிறது. விமானம் ஏறி இவள் போவாள். அவன் சபீர் கடையில் ஒரு ஆளுக்குக் கோழி வாங்குவான்.

"எதைப் பாத்துக் கூப்பிட்டவை?" என்று கேட்டான்.

"வருகையாளர்களைப் பற்றின பகுதி. அங்க அந்தக் காலத்தில நல்ல குடும்பத்துப் பெண்கள் ஏழைகளின்ர வீட்டுக்குப் போய் வருவினம். பிச்சை அல்ல, நட்பு எண்டு சொல்லிக்கொண்டு. அடுப்பைப் பாப்பினம், புருசன் குடிக்கிறானோ எண்டு பக்கத்து வீட்டில விசாரிப்பினம், பிறகு இந்தக் குடும்பம் உதவிக்குத் தகுதி, அது தகுதியில்லை எண்டு கார்டில எழுதுவினம். கெட்ட ஆக்களில்லை. நல்லது செய்யிறம் எண்டுதான் நினைச்சவை. அவையின்ர மனசு எனக்கு முதல்ல பிடிபடேல்லை. நீங்கள் சொன்ன கதையளாலதான் எழுத முடிஞ்சது."

அம்மி நின்றது. நான் சொன்னதால்தான்! அந்த வெள்ளிக்கிழமை அவன் வந்தவர்கள் எல்லாருக்கும் அதைச் சொன்னான். அமெரிக்கப் பேராசிரியர்களுக்குப் பிடித்தது தன்னுடைய அனுபவம், மனைவி அதை ஆங்கிலத்தில் எழுதினாள், அவ்வளவுதான் என்கிற அளவுக்கு அது மாலைக்குள் வளர்ந்துவிட்டது. படியில் சேதுமாதவனைக் கண்டு அவனுக்கும் சொன்னான்.

"நான் வாசிச்சேன்" என்றான் சேதுமாதவன். செருப்பைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனான்.

வாசித்தானாம். புருசன் வாசிக்கவில்லை, இவன் வாசித்திருக்கிறான். பழைய நெருப்பு முழுசாகத் திரும்பி வந்தது. அவள் வாசிக்கச் சொல்லி ஒரு பிரதி மேசையில் வாரக் கணக்காகக் கிடந்ததும், அதன்மேல் அவன் தேநீர்க் கோப்பையை வைத்து எழுந்ததும் அவன் நினைவுக்கு வரவில்லை. பொறாமைக்காரனுக்கு ஞாபகசக்தி ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

பத்மாவதியின் பாஸ்போர்ட்டும் அவனுடைய அலுமாரிக்குள்தான் இருந்தது. வந்த புதிதில் விசா அடிக்கக் கொண்டு போனதை, வீட்டில் வைத்தால் பாதுகாப்பில்லை என்று அங்கேயே பூட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சட்டை போடும்போது அவள் கேட்டாள்.

"வாற சனிக்கிழமை அமெரிக்க விசாவுக்குப் போக வேணும். என்ர பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ."

"ஓம், ஓம்" என்றான். ஞாயிறு மறந்தான். திங்கள் மறந்தான். செவ்வாய்க்கிழமை அவள் சமையலறையில் நின்றபடி மறுபடி கேட்டபோது, அவன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், அவனை அறியாமலே, வாயில் பழகிக்கிடந்ததைச் சொன்னான்.

"சாவி மனேஜரிட்ட. மனேஜர் புஜைராவுக்குப் போயிருக்கிறார்."

கரண்டிச் சத்தம் நின்றது. இராஜரத்தினத்துக்குக் காது மடல் சுட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்து விழுங்க முடியாது. சரி, வாக்குவாதம் வரட்டும், கத்தட்டும், கத்தினால் தானும் கத்தலாம், அந்தச் சண்டையில் சேதுமாதவனையும் இழுத்துவிடலாம், சனிக்கிழமை போய்விடும் என்று காத்திருந்தான்.

"சரி" என்றாள் பத்மாவதி. கரண்டிச் சத்தம் திரும்பவும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லை. மூச்சு விட்டான் இராஜரத்தினம். தன் கெட்டித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் சந்தோசமும் பட்டான்.

வியாழக்கிழமை வழக்கம்போல வரிசை நின்றது. கம்பெனி ஒஃபிஸ் ஒரு மரக் கேபின், ஏ.சி.யின் இரைச்சலில் பேசுவதற்குச் சத்தம் போட வேண்டும். வரிசையில் கார்மேகம் நின்றான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், கம்பி கட்டுகிறவன். போன வியாழனும் அதற்கு முந்தினதும் ஃபாதர் சீரியஸ் தந்தியோடு வந்தவன். ஃபோர்மனோடு சண்டை பிடிக்கிறவன் என்று இராஜரத்தினத்தின் மனசில் அவனுக்கு ஒரு கார்டு இருந்தது. அவனுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பத்மாவதி நின்றாள்.

டீச்சரை அடையாளம் கண்ட தொழிலாளர்கள் விலகி அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றாள். அவளுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் நின்றவர்களுக்கு என்ன சொன்னான் என்று இராஜரத்தினத்துக்கே தெரியாது. கார்மேகத்தின் முறை வந்தது.

"சார், அப்பாவுக்கு ரொம்ப முடியல சார். நேத்து மறுபடி தந்தி வந்துச்சு."

"சாவி மனேஜரிட்ட" என்றான் இராஜரத்தினம், அவனைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு. "மனேஜர் புஜைராவுக்குப்…"

"சரி சார்." கார்மேகம் ஒதுங்கி, சுவரோரமாக நின்றுகொண்டான். பத்மாவதி மேசைக்கு முன்னால் வந்தாள்.

"என்ர பாஸ்போர்ட் வேணும், சேர்."

அவன் என்னென்னவோ சொல்ல நினைத்தான். ஆனால் அந்த மேசையில், அந்த நாற்காலியில், அந்த வசனத்துக்கு அவன் வாய்க்கு ஒரே பதில்தான் தெரியும்.

"என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டான்.

"படிக்கப் போக வேணும்."

"நீர் வீட்டை போம்" என்றான், பல்லைக் கடித்து, மெல்ல. "பிறகு கதைப்பம்."

"வீட்டில கேட்டனான். சாவி மனேஜரிட்ட எண்டனீங்கள்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சுவரோரம் நின்ற கார்மேகம்தான் பேசினான். புதிதாக வந்து வழி தெரியாமல் நிற்கிற பெண்ணுக்குச் சொல்வதைப்போல, இதமாகச் சொன்னான்.

"மேனேஜர் உள்ளதான் இருக்காருக்கா. அவர் வண்டி வெளிய நிக்குது பாருங்க. சாவி சார் சட்டைப் பையில இருக்கும். சார் முதல்ல அப்பிடித்தான் சொல்வாரு, எல்லாருக்கும். நாங்க சரின்னுட்டுப் போயிருவோம். ரெண்டு மூணு வாரம் வந்து நின்னா குடுத்துருவாரு. கோவிச்சுக்காதீங்க."

இராஜரத்தினம் வரிசையைப் பார்த்தான். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. இத்தனை வருசமும் அவன் அவர்களை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தான். அவர்கள் அவனுக்கு மரியாதை கெடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எழுந்து நின்று நடித்துக் காட்டியது, அவள் சிரிக்காமல் கேட்டது, சேதுமாதவன் செருப்பைப் பார்த்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மேசைமேல் விழுந்தன.

"நீர் எழுதினது இதையோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள். "ஊர்தான் அவையின்ர. கேள்வி எல்லாம் உங்கட."

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று அவன் தேடினான். இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. அதற்கு அவன் பெயர் வைக்கப் பயந்தான். சட்டைப் பைக்குள் கை போனது. அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் சாவி வெளியே வந்தது. அலுமாரியைத் திறந்து, அவளுடைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, மேசைமேல் வைக்காமல் கையிலேயே கொடுத்தான்.

அவள் வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். போவாள் என்று நினைத்தான். போனால் அலுமாரியைப் பூட்டிவிடலாம். அவள் ஓரடி தள்ளி, கார்மேகத்துக்கு இடம் விட்டு நின்றாள். கார்மேகம் சாவியையே பார்த்தபடி வந்து, ஒன்றும் கேட்காமல், வெறுமனே மேசைக்கு முன்னால் நின்றான். இந்த முறை இராஜரத்தினத்துக்கும் கேட்பதற்கு எதுவும் இல்லை. அவனுடையதையும் எடுத்துக் கொடுத்தான்.

கார்மேகம் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு பத்மாவதியின் பக்கம் திரும்பினான்.

"ரொம்ப நன்றிக்கா."

திறந்தவன் இராஜரத்தினம், எடுத்தவன் இராஜரத்தினம், நீட்டியவன் இராஜரத்தினம். நன்றி அவளுக்குப் போகிறது! இவ்வளவு நடந்த பிறகும், இவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும், அவனுக்கு அதுதான் சுட்டது. சுடுகிறதே என்று தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. அதனால் சூடு குறைந்துவிடவில்லை.

"நான் டாக்சியில போறன்" என்றாள் பத்மாவதி. "நீங்கள் வேலையை முடிச்சிட்டு வாங்கோ. கறி அடுப்பில இருக்கு."

அவள் படியிறங்கியதும் வெளியே ஓட்டச் சத்தம் கேட்டது. தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களும், போன வாரமும் அதற்கு முந்திய வாரமும் சரி சார் என்று போனவர்களும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே யாரோ யாரையோ கேட்டான்.

"என்னப்பா, சாவி வந்திருச்சா? யாரு தொறந்தது?"

"டீச்சரம்மா" என்றான் கார்மேகம்.

இராஜரத்தினம் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தான்.